ஏறுமுன் நம்பர் பலகையைப் பாருங்கள்!

நம்பர் பலகை என்பது போலீஸ்காரர் பார்ப்பதற்கு, ஆர்.டி.ஓ. ஆபீஸ் குமாஸ்தா எழுதுவதற்கு. நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் இப்படித்தான் நினைக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நினைப்பால் அவர்களுக்கு லாபம் உண்டு. நமக்கு நஷ்டம் உண்டு. அந்தக் கணக்கை இங்கே பச்சையாகப் போட்டுப் பார்ப்போம்.

அதிகாலை ஷிப்டுக்கு ஆள் ஏற்ற ஊர் ஊராக வருகிறதே ஆலை வேன், அதன் பலகை என்ன நிறம்? நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை நிற்க வைத்து அடைத்துப் போகிறதே லோடு ஆட்டோ, அதன் பலகை என்ன நிறம்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்தால், வண்டி கவிழ்ந்தால் நம் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். இது தெரியாமல் இருப்பதுதான் சிலருக்கு வசதி.

பலகை எதற்காக வந்தது?

மோட்டார் பிறந்த காலத்தில் அது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள். தெருவில் நடக்கிறவன் மீது மோதிவிட்டுப் பறந்துவிட்டால் யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. 1893-ல் பாரிஸ் நகரப் போலீஸ் இலாகா, சொந்தக்காரர் பெயரும் விலாசமும் எண்ணும் எழுதிய தகட்டை வண்டியில் மாட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. பிரிட்டனில் 1903-ல் சட்டம் வந்தது. இந்தியாவில் 1914-ல் முதல் மோட்டார் வாகனச் சட்டம். பிறகு 1939-ல் ஒன்று. இப்போது நடப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். பதிவு செய்யாத வண்டியைத் தெருவில் ஓட்டக்கூடாது என்கிறது அதன் 39-வது பிரிவு.

ஆக, பலகையின் பிறவிப் பயன் ஒன்றே ஒன்று. வண்டிக்காரனை ஊருக்குப் பதில் சொல்ல வைப்பது. நடக்கிறவனுக்காக, ஏறுகிறவனுக்காக வந்தது அது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

நிறம் பேசும் பாஷை

வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் சொந்த உபயோக வண்டி. ஜனங்கள் 'ஓன் போர்டு' என்கிறார்கள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் வாடகைக்கும் தொழிலுக்கும் ஓடுகிற வண்டி. பஸ், லாரி, டாக்சி, ஆட்டோ எல்லாம் இந்த ரகம். 'டி போர்டு' என்று நாம் சொல்வது இதைத்தான். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்றால் வாடகைக்கு எடுத்தவரே ஓட்டிக்கொள்ளும் வண்டி.

மின்சார வண்டிக்குப் பச்சைப் பலகை. அதில் வெள்ளை எழுத்து என்றால் சொந்த உபயோகம், மஞ்சள் எழுத்து என்றால் வாடகை. கம்பெனியிலிருந்து இப்போதுதான் வந்த வண்டிக்குத் தற்காலிகப் பதிவு. மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்து. விற்கிற வியாபாரியின் கையில் உள்ள வண்டிக்குச் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. அன்னிய நாட்டுத் தூதரகங்களின் வண்டிக்கு நீலப் பலகை, அதில் சி.டி., சி.சி., யு.என். என்ற எழுத்துக்கள் இருக்கும். ராணுவ வண்டியின் எண்ணில் மேல்நோக்கிய அம்புக்குறி இருக்கும்.

டி.என். என்பது தமிழ்நாடு. அடுத்த இரண்டு எண், பதிவு செய்த ஆபீஸ். 38 என்றால் கோவை வடக்கு, 49 என்றால் தஞ்சாவூர். அதற்குப் பின் ஜி என்ற ஆங்கில எழுத்து வந்தால் சர்க்கார் இலாகா வண்டி. 'என்' என்ற ஆங்கில எழுத்து வந்தால் சர்க்கார் போக்குவரத்துக் கழக பஸ். 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புத் தகடு கட்டாயம். ஓரத்தில் முத்திரை, லேசர் கொண்டு செதுக்கிய எண், கழற்றினால் உடைந்துபோகும் பூட்டு எல்லாம் அதில் உண்டு.

இத்தனையையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை. பாட்டாளி மக்களின் உயிரோடு விளையாடுகிற நிறங்கள் இரண்டு: வெள்ளை, மஞ்சள். அவற்றைப் பார்ப்போம்.

மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவே என்ன இருக்கிறது?

ஒரு வேனுக்கு மஞ்சள் பலகை மாட்டினால் முதலாளி தலையில் என்னென்ன விழுகிறது? பர்மிட் வாங்க வேண்டும். அதிக வரி கட்ட வேண்டும். பிரயாணிகளுக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். முதல் 8 வருஷத்துக்கு 2 வருஷத்துக்கு ஒருமுறையும், அதன் பின் வருஷா வருஷமும் வண்டியைக் காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, டயர் தேய்ந்திருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சீட்டுக் கொடுத்தால்தான் வண்டி ஓடும்.

வெள்ளைப் பலகைக்கு? ஒருமுறை பதிவு செய்தால் 15 வருஷம் செல்லும். அதுவரை எஃப்.சி. தொல்லை இல்லை. பர்மிட் இல்லை. சொந்தக் குடும்பம் போய்வருகிற காருக்கு இது நியாயம்தான். அவன் பெண்டு பிள்ளைகள் ஏறுகிற வண்டியின் பிரேக்கை அவனே கவனித்துக்கொள்வான். ஆனால் அதே வெள்ளைப் பலகையைத் தொழிலாளி ஏறுகிற வேனில் மாட்டினால் அர்த்தம் என்ன? உன் உயிருக்குப் பரிசோதனை தேவையில்லை என்று அர்த்தம். உன் பிரயாணத்துக்குப் பொறுப்பேற்கத் தயாரில்லை என்று அர்த்தம்.

இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சும்மா இருக்காது. பர்மிட் இல்லாத வண்டியை வாடகைக்கு ஓட்டினார்கள் என்பதைத் தன் எதிர்வாதமாக வைக்க மோட்டார் சட்டமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது. பர்மிட் இல்லாமல் ஓடிய லாரி ஒன்றின் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், கம்பெனி முதலில் நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு வண்டிக்காரனிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்ற ஏற்பாட்டை உறுதி செய்தது. நல்லதுதான். ஆனால் அது மூன்றாம் ஆள் அடிபட்ட வழக்கு. அதுவும் எத்தனை கோர்ட்டுப் படி ஏறிய பிறகு கிடைத்தது? வருஷக்கணக்கில் வழக்கு நடத்த ஒரு நெசவாலைத் தொழிலாளியின் விதவையால் முடியுமா?

"எங்கள் சொந்த வேன்தானே!"

இங்கேதான் ஒரு பித்தலாட்டம் நடக்கிறது. "வேன் ஆலைக்குச் சொந்தம். தொழிலாளியிடம் காசு வாங்கவில்லை. ஆகவே இது வாடகை வண்டி இல்லை, வெள்ளைப் பலகை போதும்" என்று சமாதானம் சொல்கிற நிர்வாகங்கள் உண்டு. கேட்கிறவர்களும் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? டிரைவரைத் தவிர 6 பேருக்கு மேல் ஏற்றும்படி கட்டிய வண்டியைச் சொந்தக்காரன் தன் தொழில் சம்பந்தமாக ஆள் கொண்டுபோகப் பயன்படுத்தினால், கட்டணம் வாங்காவிட்டாலும் அது 'தனியார் சேவை வாகனம்' என்கிறது 1988-ம் வருஷச் சட்டத்தின் 2-வது பிரிவு. பஸ், லாரி, பள்ளிக்கூட பஸ் இவற்றோடு சேர்த்து அதையும் போக்குவரத்து வாகனம் என்றே அதே பிரிவு வகைப்படுத்துகிறது. போக்குவரத்து வாகனம் என்றால் பர்மிட் உண்டு, எஃப்.சி. உண்டு, மஞ்சள் பலகை உண்டு. காசு வாங்கவில்லை என்ற சாக்கு செல்லாது!

காசு வாங்கவில்லை என்பதும் எவ்வளவு தூரம் நிஜம்? வேன் அனுப்புவது தர்மத்துக்கா? ஷிப்டுக்கு ஆள் நேரத்துக்கு வந்தால்தான் ஸ்பிண்டில் சுற்றும். ஸ்பிண்டில் சுற்றினால்தான் லாபம். வேன் ஆலையின் யந்திரத்தில் ஒரு பாகம். யந்திரத்துக்கு எண்ணெய் போடுகிறவன் வேனுக்கு எஃப்.சி. வாங்கமாட்டேன் என்றால், இரும்பின் மேல் உள்ள அக்கறை ஆள் மேல் இல்லை என்றுதானே பொருள்?

மஞ்சளிலும் ஒரு கண்ணி

இனி கிராமத்துக்கு வருவோம். லோடு ஆட்டோவிலும், குட்டியானையிலும், லாரியிலும் மஞ்சள் பலகைதான் தொங்குகிறது. அப்படியானால் விவசாயக் கூலிக்குப் பாதுகாப்பு உண்டா? இல்லை! இதுதான் கண்ணி. மஞ்சள் என்பது தொழிலுக்கு ஓடுகிற வண்டி என்று மட்டும் சொல்கிறது. ஆள் ஏற்றவா, சரக்கு ஏற்றவா என்பது ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது. லோடு ஆட்டோவின் ஆர்.சி.யில் அது சரக்கு வண்டி.

சரக்கு வண்டியில் ஏறிய ஆளுக்கு என்ன கதி? 1994-ல் செய்த திருத்தம், சரக்குக்குச் சொந்தக்காரன் அல்லது அவன் பிரதிநிதி அந்த வண்டியில் போனால் அவனுக்கு இன்ஷூரன்ஸ் உண்டு என்றது. மூட்டைக்குச் சொந்தக்காரனுக்கு உண்டு, மற்றவர்களுக்கு? சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிற பிரயாணிக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002 டிசம்பரில் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. அதற்கு முன் 1999-ல் அதே கோர்ட்டு சொன்ன மாறான தீர்ப்பு அத்தோடு அடிபட்டுப் போயிற்று. பிறகு 2019-ல் பார்லிமெண்ட் சட்டத்தைத் திருத்தியது. கூலி ஜனங்கள் எப்படிப் பிரயாணம் செய்கிறார்கள் என்பது அப்போது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் போக்குவரத்து வண்டியின் பிரயாணிகளுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும் என்று எழுதிய கையோடு, சரக்கு வண்டியின் இனாம் பிரயாணி நீங்கலாக என்று சேர்த்து எழுதி வைத்துவிட்டார்கள்.

இனாம் பிரயாணி! விடியுமுன் சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, அடுத்தவன் வயலில் நாற்று நடப் போகிறவள் இனாம் பிரயாணியா? அவள் உல்லாசப் பிரயாணமா போகிறாள்? வண்டியை அமர்த்தியவன் நிலக்காரன் அல்லது கூலி மேஸ்திரி. அதில் ஏறினால்தான் வேலை. ஏற மறுத்தால் அன்றைக்குக் கூலி இல்லை. கூலியிலேயே வண்டிச் சத்தத்தைப் பிடித்துக்கொள்கிற இடங்களும் உண்டு. நெல் மூட்டைக்கு உண்டான மதிப்பு, அந்த நெல்லை விளைவித்த கைக்கு இல்லை என்று சட்டம் எழுதியவர்கள் சொல்லாமல் சொல்கிறார்கள்.

விளைவு என்ன? 2021 பிப்ரவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணியாச்சி அருகே லோடு வண்டி கவிழ்ந்து விவசாய வேலைக்குப் போன 5 பெண்கள் மாண்டார்கள். 2024 மே மாதம் சத்தீஸ்கரின் கவர்தா பகுதியில் பீடி இலை பறித்துவிட்டுத் திரும்பிய ஆதிவாசிகளின் பிக்கப் வண்டி பள்ளத்தில் உருண்டு 19 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். 2025 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் நாந்தேடு மாவட்டத்தில் கூலிப் பெண்கள் போன டிராக்டர் டிரெய்லரோடு கிணற்றில் விழுந்து 7 பெண்கள் உயிரிழந்தார்கள். மூன்று மாநிலம், மூன்று பாஷை, ஒரே கதை. சரக்கு ஏற்றுகிற இடத்தில் உழைப்பாளியை ஏற்றினார்கள்.

ஒவ்வொரு தடவையும் அனுதாபச் செய்தி வருகிறது. நிவாரணம் அறிவிக்கிறார்கள். நிவாரணம் என்பது கொடுப்பவன் கருணை. நஷ்டஈடு என்பது வாங்குபவன் உரிமை. உரிமையைப் பறித்துக்கொண்டு கருணையைக் கையில் போடுகிற இந்த ஏற்பாட்டை நாம் ஏற்க முடியாது.

குற்றவாளி யார்?

"அவர்களாகத்தானே ஏறுகிறார்கள்? ஏறாமல் இருக்க வேண்டியதுதானே?" என்று கேட்கிற கனவான்களுக்குச் சொல்கிறோம்: விடிகாலை 5 மணிக்கு எங்கள் ஊருக்கு பஸ் விடுங்கள், பிறகு கேளுங்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் சாதாரண கட்டண நகர பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் நடவுக்குப் போகிற நேரத்துக்கு பஸ்ஸே வராத கிராமத்தில் அந்த அறிவிப்பு ஏட்டுச் சுரைக்காய்தானே?

வண்டி பிடிபட்டால் யார் மாட்டுகிறான்? டிரைவர். அவனும் நம்மைப் போல் தினக்கூலி. கேஸ் அவன் மேல், அபராதம் அவன் மேல், லைசென்ஸ் போவதும் அவனுக்கு. அமர்த்திய நிலக்காரன் பெயர் எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. டிரைவரைக் காட்டிக் கொடுத்துவிட்டு நாம் ஒதுங்கினால் அது நம் கையாலேயே நம் ஐக்கியத்தை உடைப்பதாகும். டிரைவர் மீதான ஒரு அநியாயம் போராடித் தீர்ந்தது. இலகு ரக லைசென்ஸ் வைத்திருப்பவர் மஞ்சள் பலகை வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் தர மறுத்து வந்தன. 7,500 கிலோ வரை எடையுள்ள வண்டிக்கு அந்த லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பர் 6-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் ஒருமுகமாகச் சொல்லி அந்த வாயை அடைத்தார்கள்.

இன்னொரு தீர்ப்பையும் ஆலைத் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை ஆலைக் காவலாளி ஒருவர் வேலைக்குப் போகிற வழியில் விபத்தில் இறந்தார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தும், நேரம், இடம், சந்தர்ப்பம் ஆகியவற்றால் வேலையோடு சம்பந்தப்பட்டிருந்தால் வேலையில் நேர்ந்த விபத்தே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்கு சம்பந்தமில்லை" என்று இனி எந்த நிர்வாகமும் கையைக் கழுவ முடியாது.

அவர்களுக்குப் பலகை அலங்காரம்

பொறுப்பு என்று வந்தால் மஞ்சள் பலகைக்கு அஞ்சி ஓடுகிறவர்கள், பெருமை என்று வந்தால் பலகைக்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். 2022-ல் சண்டிகரில் 0001 என்ற எண்ணை ஏலத்தில் 15 லட்சத்து 44 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தார்கள். மாட்டியது எதில்? சுமார் 71 ஆயிரம் ரூபாய் ஸ்கூட்டரில்! வண்டி விலையைப் போல் இருபது மடங்குக்கு மேல் பலகைக்கு. சர்க்காரும் கூச்சமில்லாமல் ஏலம் கூறுகிறது.

ஊர் மாறுகிறவர்களைப் பாருங்கள். 2021 செப்டம்பரில் பி.எச். வரிசை என்று ஒன்று வந்தது. எந்த மாநிலத்துக்குப் போனாலும் மறுபதிவு வேண்டாம். யாருக்கு? ராணுவத்தார், சர்க்கார் உத்தியோகஸ்தர்கள், பொதுத்துறை ஊழியர்கள், 4 மாநிலங்களுக்குக் குறையாமல் ஆபீஸ் வைத்திருக்கிற கம்பெனிகளின் ஊழியர்கள். அவர்களுக்குக் கிடைப்பதில் நமக்குப் பொறாமையில்லை. ஆனால் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்க வந்த தொழிலாளி வைத்திருக்கிற பழைய மோட்டார் சைக்கிளுக்கு? 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் ஊருக்குப் போய்த் தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே புது நம்பர் வாங்க வேண்டும். நாடு முழுக்கச் சுற்றிப் பிழைக்கிறவன் அவன். ஒரே நாட்டு நம்பர் கிடைப்பது ஆபீஸ் உத்தியோகஸ்தருக்கு!

அந்தஸ்து காட்டுகிற வழக்கம் எளிதில் ஒழிவதில்லை. 2017 மே 1 முதல் மந்திரிமார் காரின் சிவப்பு விளக்கு போயிற்று. ஜனாதிபதி, கவர்னர்கள் காரில் எண்ணே இல்லாமல் சிங்க முத்திரை மட்டும் இருந்தது. அவையும் பதிவு எண்ணைக் காட்ட வேண்டும் என்று 2018 ஜூலையில் டெல்லி ஹைகோர்ட் சொல்லிற்று. நாட்டின் முதல் குடிமகனின் காரே எண் காட்ட வேண்டும் என்றால், ஆலை வேன் மட்டும் சட்டத்துக்கு மேலா?

நாம் கேட்பது என்ன?

ஆலை வேன் எதுவானாலும் மஞ்சள் பலகை வேண்டும். பர்மிட், எஃப்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றின் நகலும் வேனுக்குள்ளும் ஆலை கேட்டிலும் ஒட்டப்பட வேண்டும்.

விவசாய வேலைக் காலத்தில் விடிகாலையிலும் மாலையிலும் கிராமங்களுக்குப் போக்குவரத்துக் கழக பஸ் ஓட வேண்டும். ஆள் ஏற்றச் சரக்கு வண்டியை அமர்த்துகிற நிலக்காரனும் மேஸ்திரியும் பொறுப்பாளியாக வேண்டும். டிரைவர் தலையில் மட்டும் கட்டக்கூடாது.

கூலிக்குப் போகிறவளை இனாம் பிரயாணி என்று ஒதுக்குகிற வரி சட்டத்திலிருந்து நீங்க வேண்டும். அது நீங்கும் வரை அவளுக்கு நஷ்டஈடு கிடைக்க சர்க்கார் வழிசெய்ய வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. நாம் ஏறுகிற வண்டியின் எண்ணை ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். கையில் போன் உள்ள வாலிபர்கள் சர்க்காரின் பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் வண்டி எந்த ரகம், எஃப்.சி. எதுவரை, இன்ஷூரன்ஸ் எதுவரை என்பது தெரியும். தெரிந்ததைச் சங்கத்தில் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் வேலை போகும். ஷிப்டு முழுக்கச் சேர்ந்து கேட்டால் பலகை மாறும்.

தெருவில் யாரையாவது வண்டி இடித்துவிட்டு ஓடினால் முதலில் எண்ணைப் பாருங்கள், நாலு பேராகச் சொல்லி மனதில் நிறுத்துங்கள். எண் தெரிந்தால் நியாயமான நஷ்டஈட்டுக்கு வழக்குப் போடலாம். தெரியாவிட்டால் சாவுக்கு 2 லட்சம், படுகாயத்துக்கு 50 ஆயிரம் என்று 2022 ஏப்ரல் முதல் நடக்கிற திட்டத்தின் தொகையோடு சரி. ஒரு எண்ணை நினைவில் வைப்பதற்கும் மறப்பதற்கும் ஒரு குடும்பத்தின் எதிர்காலமே வித்தியாசம். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று 2019 திருத்தம் கெடு வைத்திருக்கிறது. ஆகவே அழுதுகொண்டே நாளைக் கடத்தாமல் சங்கத்தையும் வக்கீலையும் உடனே நாடுங்கள்.

நூல் நூற்கிற கையும் நாற்று நடுகிற கையும் சரக்கு அல்ல. நம்மை ஏற்றிப் போகிற வண்டி, நம் உயிருக்குப் பொறுப்பேற்று மஞ்சள் பலகையோடு வரட்டும். ஏறுமுன் பாருங்கள். பார்த்துவிட்டுக் கேளுங்கள். சேர்ந்து கேளுங்கள்!